கோமதித்தாய் எழுதிய வரி

அரசாங்கத்திடமிருந்து வரவேண்டிய நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஆறணாவைப் பற்றித் தன் பெண்டாட்டி காதில் ஒரு எழுத்துக்கூட விழக்கூடாது என்று சங்கரசுப்பு சபதம் எடுத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம், தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மணி காலை பதினொன்று. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், 'சாமி சத்தியமா' என்று அவர் வாயைத் திறந்த அதே நேரத்தில் மண்டிக்குள் ஒரு மூட்டை மிளகாய் வத்தல் பிரிந்து கொட்டியது. 'சாமி' என்றார், பிறகு ஒன்பது தும்மல் தும்மினார். சத்தியம் தும்மலோடு போயிற்று. ஆனால் சபதம் சபதம்தானே என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சங்கரன்கோவிலில் அவருக்கு வத்தல் மண்டி. விவசாயம் பண்ணுகிற சம்சாரிகள் கொண்டுவரும் வத்தலை விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுப்பது தொழில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வருமானவரி ஆபீஸர் ஒருவர் அவருடைய கணக்கு நோட்டுகளைப் புரட்டினார். இவ்வளவு காரமான மண்டியில் இவ்வளவு சப்பையான லாபம் வர நியாயமில்லை என்று முடிவு செய்தார். தானாகவே ஒரு லாபத்தைக் கற்பனை செய்து, அதற்கு நிஜமான வரியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கட்டாவிட்டால் மண்டியை ஜப்தி செய்வார்கள் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

அன்றைக்கு அவர் பெண்டாட்டி கோமதித்தாய் கழுத்தில் கிடந்த இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். நகை அவளுடையது என்பதால் நகர பாங்கில் கடனும் அவள் பேரிலேயே எழுதப்பட்டது. வரி கட்டப்பட்டது. மண்டியும் மானமும் தப்பின. அதற்குப் பிறகு வாசுதேவநல்லூரில் இரண்டு கல்யாணங்களுக்குப் போனாள். இரண்டுக்கும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சங்கரசுப்பு அப்பீல் செய்தார், ஜெயித்தும் விட்டார். கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று மேலதிகாரி உத்தரவு போட்டார். இதற்கு ரீபண்டு என்று பெயர். நியாயப்படி அந்தப் பணம் நேராகப் பாங்குக்குப் போய், சங்கிலியாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இது சங்கரசுப்புவுக்கும் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் சபதம் எதற்கு?

விஷயம் என்னவென்றால், அவர் மனசுக்குள் ஒரு ரேடியோ உட்கார்ந்திருந்தது. எதிர்த்த மண்டிக்காரர் துரைப்பாண்டி போன தீபாவளிக்கு ஒரு ரேடியோ வாங்கி வைத்திருந்தார். சாயங்காலம் ஆனால் ஊர் அங்கேதான் நின்றது. நின்ற ஊர் மூட்டையையும் அங்கேயே இறக்கியது. ரேடியோ வந்தால் வியாபாரம் பெருகும், பெருகினால் ஒரு சங்கிலி என்ன, ஒன்பது சங்கிலி வாங்கிப் போடலாம் என்று சங்கரசுப்பு தனக்குத்தானே எடுத்துச் சொன்னார். தானே ஒத்துக்கொண்டார். கடையநல்லூரில் ரேடியோ விற்கிற முகம்மது ஹுசைனிடம், ரீபண்டு வந்ததும் மீதி என்று சொல்லி இருபத்தைந்து ரூபாய் அச்சாரமும் கொடுத்தார். ஆடித் தபசுத் திருவிழாவுக்குள் மண்டியில் ரேடியோ பாட வேண்டும் என்பது ஏற்பாடு. வாரம் ஒருமுறை ஹுசைன் அந்தப் பக்கம் வரும்போது, "ரேடியோ ரெடி அண்ணாச்சி. ரூபா ரெடியா?" என்பார். ரூபாய்தான் ரெடியாகவில்லை.

திருநெல்வேலி ஆபீஸ் கடிதம் போட்டபடி இருந்தது, பணத்தைத்தான் போடவில்லை. அப்பீல் உத்தரவின் அசலை அனுப்பு என்றது. அனுப்பினார். பணம் கட்டிய சலானை அனுப்பு என்றது. அனுப்பினார். விண்ணப்பப் பாரத்தை இரண்டு பிரதியாக அனுப்பு என்றது. மூன்றாக அனுப்பினார். தாங்கள் அனுப்பியதாகச் சொல்லும் பாரம் எங்கள் பார்வைக்கு வரவில்லை என்று அடுத்த கடிதம் வந்தது.

இந்தக் கடிதங்கள் எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது, மண்டிக்குத்தான் வரவேண்டும் என்று தபால்காரர் பெத்துராஜிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெத்துராஜும் பழுப்பு உறையைப் பார்த்தாலே பைக்கு அடியில் தள்ளி, மண்டி வாசலில் வந்து எடுப்பார். மாசி போய், பங்குனி போய், சித்திரையும் வந்தது.

"ஏம்வே பெத்துராஜ், வரி கட்டினவனுக்கு நாலு வரி பதில் எழுத அவங்களுக்கு மூணு மாசமா?"

"நீங்க ரூவாயில வரி கட்டினீய. அவங்க மையில வரி எழுதுதாங்க. மை காய வேண்டாமா அண்ணாச்சி?"

வைகாசியில் சங்கரசுப்புவுக்கு வந்த கடிதம் ஒரு புதுச் சிக்கலைக் கிளப்பியது. அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் சங்கரசுப்பிரமணியம். அது நீளம் என்று ஊர் அதைச் சங்கரசுப்பு ஆக்கி, அதுவே மண்டிப் பலகையிலும் ஏறிவிட்டது. வரி போட்டது சங்கரசுப்புவுக்கு. ஆனால் சலான் எழுதிய குமாஸ்தா மரியாதைக்காக முழுப் பேரையும் எழுதித் தொலைத்திருந்தார். இப்போது ஆபீஸ் கேட்டது: வரி கட்டியவர் ஒருவர், திருப்பிக் கேட்பவர் இன்னொருவர், இருவரும் ஒருவர்தானா? இதை அறிய இன்ஸ்பெக்டர் ஒருவர் தங்கள் இல்லத்துக்கே வந்து, குடும்பத்தில் வயது வந்த ஒருவரிடம், நேரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வார்.

குடும்பத்தில் வயது வந்தவர் என்றால் கோமதித்தாய் ஒருத்திதான். ஐந்து வயசு மகள் முத்துத்தாயைக் கேட்டால் அப்பா பேர் அப்பா என்பாள். கோமதித்தாயைக் கேட்டால் அதுகூட வராது.

ஏனென்றால், கோமதித்தாய் கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் புருஷன் பேரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவளுடைய அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மற்றப் பெண்களும் சொல்வதில்லைதான். ஆனால் அவர்களுக்கு இவ்வளவு சங்கடம் கிடையாது. இவள் குடியிருப்பது சங்கரன்கோவிலில். அதனால் ஊர்ப் பேரையும் சொல்ல முடியாது. அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டால், "புத்துமண் பிரசாதம் குடுக்க கோயில் இருக்குல்லா, அங்கன ஒண்ணரை டிக்கட்டு" என்பாள். தைப் பொங்கலைச் சங்கராந்தி என்று சொல்ல மாட்டாள். பால் ஊற்றுகிற சுப்பம்மாளை 'பாலு' என்றுதான் கூப்பிடுவாள். சுப்பம்மாளும் வேறு வழியில்லாமல் திரும்பிப் பார்ப்பாள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த சங்கரசுப்பு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏட்டி, நாளக் கழிச்சி ஒரு ஆபீஸர் வாராரு. வோட்டர் லிஸ்டு சரிபாக்க."

"எலக்‌ஷன் போன வருசந்தானே முடிஞ்சுது?"

"அடுத்த எலக்‌ஷனுக்கு."

"அதுக்கு இன்னும் நாலு வருசம் கெடக்கே."

"கவர்மெண்டுன்னா முன்கூட்டியே செய்யும். அவரு உங்கிட்ட எம் பேரைக் கேப்பாரு. ரெண்டு பேரையும் நீ சொல்லணும்."

கோமதித்தாய் ரசத்தைக் கலக்கிவிட்டு ஊற்றினாள். "ரெண்டு பேரா? வோட்டு ஒண்ணுதானே?"

"பேரு ரெண்டு, ஆளு ஒண்ணு. அதைத்தான் சொல்லணும்."

"சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு தடவட்டி."

"ஒரு தடவைக்கு எவ்வளவு கொறையும்னு எங்கம்மை சொல்லலையே. பத்து நாளா, பத்து வருசமா? உங்களுக்குத் தெரியுமா?"

சங்கரசுப்புவுக்குத் தெரியவில்லை. பத்து வருஷம் என்றால் ரேடியோவைக் கேட்க ஆள் இருக்க வேண்டுமே என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, குறைந்தால் குறையட்டும், நான் சம்மதிக்கிறேன் என்று பெரிய மனசோடு சொன்னார். அவள் சம்மதிக்கவில்லை. சேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒன்று போதுமா என்று கேட்டாள். இரண்டு என்றார். சரி என்று இரண்டு சேலைக்கும் தலையாட்டிவிட்டு, பேரை மட்டும் சொல்ல முடியாது என்றாள். அப்புறம் எதற்குச் சரி என்றாய் என்று கேட்டதற்கு, சேலை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா என்றாள். அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்தது.

இன்ஸ்பெக்டர் பேர் சண்முகையா. ஒல்லியாக, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குடையுமாக, காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். சங்கரசுப்பு பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்து பிடித்துக்கொண்டார். காப்பி வேண்டாம், இளநீர் வேண்டாம், வத்தல் வாசனையே வேண்டாம் என்று சண்முகையா ஒவ்வொன்றாக மறுத்தபடி நடந்தார். நேர்மையான ஆள். சங்கரசுப்புவுக்கு அவரிடம் ஒரே ஒரு விண்ணப்பம்தான் இருந்தது.

"சார், எம் பெஞ்சாதிக்கு இருதயம் ரொம்ப வீக்கு. பணம்னு கேட்டாலே மயங்கி விழுந்துருவா. வந்தாலும் விழுவா, போனாலும் விழுவா. அதனால வருமானவரி, ரீபண்டு, ரூவா, அணா, இந்த வார்த்தை எதுவும் வீட்டுல வரப்படாது."

"எனக்குப் பேரு மட்டும் போதும்வே. ரூவாயைப் பத்தி நான் ஏன் பேசப் போறேன்? வாயைத் தொறக்க மாட்டேன்."

இப்படி ஒரு அதிகாரியின் வாயைக் கட்டிவிட்ட சாமர்த்தியத்தை நினைத்துச் சங்கரசுப்பு தெருக்கோடி வரைக்கும் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சண்முகையா முதல் காரியமாக அவர் வாயைக் கட்டினார். விசாரணை முடிகிற வரைக்கும் சங்கரசுப்பு ஒரு வார்த்தை பேசக்கூடாது, சாடை காட்டக்கூடாது, இருமக்கூட கூடாது. தானும் பேரை எடுத்துக் கொடுத்து ஆமா என்று தலையாட்டச் சொல்ல முடியாது. சாட்சியிடமிருந்து தானாக வரவேண்டும். அதுதான் சட்டம்.

கோமதித்தாய் கதவு ஓரமாக வந்து நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

"இந்தா இருக்காவளே."

"இருக்காரு, பாத்தேன். பேரு?"

கோமதித்தாய் நன்றாக யோசித்தாள். "முன்பாதி எங்க ஊருச் சாமி. பின்பாதி திருச்செந்தூருச் சாமி."

சண்முகையா பேனாவைத் திறந்து யோசித்தார். எங்க ஊருச் சாமி என்றால் சங்கரநாராயணர். "சங்கரநாராயண... செந்திலாண்டவன்?"

"அவ்வளவு நீளம் இல்ல. ரெண்டு பக்கமும் வெட்டணும்."

"நாராயணசெந்தில்?"

"அது வெட்ட வேண்டாத பக்கம்."

சங்கரசுப்பு நாற்காலி நுனியில் உட்கார்ந்து உதட்டை அசைத்தார். சண்முகையா திரும்பிப் பார்த்தார். உதடு மூடிக்கொண்டது.

"சங்கரமுருகனா?"

"சாமி அதேதான். பேரு வேற. அவருக்கு நெறைய பேரு உண்டுல்லா."

"சங்கரவேலு? சங்கரகுமார்? சங்கரகந்தன்?"

ஒவ்வொன்றுக்கும் கோமதித்தாய் வருத்தத்தோடு தலையசைத்தாள். பால் ஊற்றுகிறவள் பேரிலிருந்து அம்மாளை எடுத்துவிட்டால் மீதி கிடைக்கும் என்று ஒரு வழி சொன்னாள். "பால்காரி பேரு என்ன?" என்று கேட்டதற்கு, "பாலு" என்றாள். சண்முகையா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். திருநெல்வேலிக்குப் பஸ் பன்னிரண்டரைக்கு. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. சாட்சி சொல்ல மறுக்கிறார் என்று எழுதி பைலை மூடிவிட வேண்டியதுதான் என்று காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். சங்கரசுப்புவின் கண்ணுக்கு முன்னால் ஒரு ரேடியோ கால் முளைத்து நடந்து எதிர்த்த மண்டிக்குப் போயிற்று.

கடைசியாக என்ன தோன்றியதோ, சண்முகையா கேட்டார்.

"எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?"

"எட்டாங் கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கேன்."

"பேரை எழுதினா ஆயுசு கொறையுமா?"

கோமதித்தாய் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தாள். "வாயால சொல்லக் கூடாதுன்னுதான் அம்மை சொன்னா. எழுதுததைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

சங்கரசுப்புவுக்கு எழுந்து கூத்தாட வேண்டும்போல இருந்தது. சட்டத்துக்குப் பயந்து உட்கார்ந்தே கூத்தாடினார். சண்முகையா ஒரு முழுக் காகிதமும் பேனாவும் கொடுத்தார். ஆம்பிளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதக் கூச்சமாக இருக்கிறது என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று.

"ஒரு பேரு எழுத இவ்வளவு நேரமாவே?" என்றார் சண்முகையா.

பேசலாமா என்று கண்ணால் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு, "ரெண்டு பேருல்லா சார்" என்றார் சங்கரசுப்பு.

அவள் வந்து காகிதத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். மேலிருந்து கீழே எட்டு வரி இருந்தது. சண்முகையா முதல் வரியைப் படித்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நான்காவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முடிக்கும்போது அவர் முகம் மாறியிருந்தது. சங்கரசுப்புவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கீழ நீரும் கையெழுத்துப் போடணும்னு போட்டிருக்கு. இதுக்கு உமக்குப் பூரண சம்மதந்தானா?"

"எம் பேருக்கு எனக்கென்ன சார் ஆட்சேபம்?"

காகிதம் அவர் கைக்கு வந்தது. வத்தல் மூட்டைக்கு ஒட்டுகிற துண்டுச் சீட்டைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறவர் சங்கரசுப்பு. அன்றைக்கு முதல் வரியைத் தாண்டி அவர் கண் போகவில்லை. 'சங்கரசுப்பு என்ற சங்கரசுப்பிரமணியம் என்பவர் என் கணவர்' என்று மணிமணியாக எழுதியிருந்தது. பதினாலு வருஷமாக இந்தாங்க, ஏங்க, உங்களத்தான் என்று கேட்டே பழகிய மனுஷனுக்குத் தன் பேர் அவள் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்ததும் கண்ணில் நீர் கோத்தது. உண்மையாகவே கோத்தது. மற்ற வரிகள் எல்லாம் மங்கலாகிவிட்டன. இப்படிப்பட்டவளிடமா மறைக்கிறோம் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தோன்றியது. அந்த நொடி முடிவதற்குள் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

சண்முகையா எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பத்து வருசமா ஊர் ஊராப் போயி விசாரணை பண்ணுதேன். உம்ம மாதிரி ஒரு புருசனைப் பாத்ததில்லவே. இன்னும் பேசலாம், ஆனா இங்கன பேசப்படாதுன்னு நீருதான் சொல்லிட்டீரு." குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். பத்துப் பதினைந்து நாளில் உத்தரவாகிவிடும் என்று தெருவிலிருந்து கத்தினார்.

சங்கரசுப்பு அந்தப் பாராட்டை ஒரு வாரம் வைத்து வைத்து ரசித்தார். ஒரு அதிகாரி பார்த்த மாத்திரத்தில் மனுஷனை எடை போட்டுவிடுகிறார் பார் என்று பெத்துராஜிடம் சொன்னார்.

ஆனி பிறந்தது. பதினைந்து நாள் போயிற்று, இருபதும் போயிற்று. சங்கரசுப்புவுக்கு மண்டியில் கால் தரிக்கவில்லை. ஒருவேளை பழுப்பு உறை தவறி வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்து, தபால் வருகிற நேரத்தில் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரத் தொடங்கினார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் பார்வை வாசலில். சாம்பாரில் உப்பு இல்லாததும் தெரியவில்லை, மோர் இரண்டு தடவை ஊற்றியதும் தெரியவில்லை. முகம்மது ஹுசைன் வருவதும் நின்றுபோயிற்று. பணம் தரமாட்டோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு தனிக் கவலை பட்டார்.

ஆடித் தபசும் வந்தது. பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தபசு பார்க்கப் போனார். ரதவீதி முழுக்க ஜனம். துரைப்பாண்டி மண்டி வாசலில் ரேடியோவில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்த கோமதித்தாயின் அக்காள் மாரித்தாய் என்னவோ சந்தோஷமாகப் பேசினாள். சங்கரசுப்பு காதில் நாதஸ்வரம் மட்டும்தான் விழுந்தது, அதுவும் ஊசியாக விழுந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பேனாவை எடுத்தார். ஆறு மாதமாக ஒரு ஏழை வியாபாரியை அலைக்கழிக்கும் ஆபீஸை வெளுத்து வாங்கினார். டெல்லிக்கே எழுதப்போவதாக மிரட்டினார். தன் பொறுமையைப் புகழ்ந்து தனியாக ஒரு பாரா எழுதினார். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்.

இதற்கு மட்டும் ஐந்தே நாளில் பதில் வந்துவிட்டது. பெத்துராஜ் உறையை நீட்டும்போதே, "மை சீக்கிரம் காஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றார். சங்கரசுப்பு கிழித்துப் படித்தார்.

'தாங்கள் கோரியபடியே ரீபண்டுத் தொகை நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஆறணா, ஆனி மாதமே சங்கரன்கோவில் நகர பாங்குக்கு அனுப்பப்பட்டுவிட்டது. தாங்கள் கையெழுத்திட்ட மனுவின் நகல் இத்துடன் உள்ளது. நான்காம் வரி முதல் எட்டாம் வரி வரை பார்க்கவும்.'

பார்த்தார். வரி வரியாகப் பார்த்தார். அவர் கட்டிய வரிக்குத் தன் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொடுத்ததாக நான்காம் வரியில் கோமதித்தாய் எழுதியிருந்தாள். ஐந்திலும் ஆறிலும் பாங்கின் விலாசமும் அவளுடைய நகைக்கடன் நம்பரும் இருந்தன. வரவேண்டிய ரீபண்டை நேராக அந்தக் கடனில் வரவு வைக்கும்படி ஏழாம் வரி கேட்டுக்கொண்டது. எட்டாம் வரி, இதற்குத் தன் கணவரின் பூரண சம்மதம் என்று சொன்னது. அதன் கீழே கணவரின் பூரணமான கையெழுத்து.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார், பாதி வழிக்கு மேல் ஓடினார். கடன்தானே தீர்ந்திருக்கும், சங்கிலி இன்னும் பாங்கில்தானே இருக்கும், மறுபடி அதையே வைத்துப் பணம் எடுத்தால் என்ன என்று ஓடும்போதே ஒரு திட்டம் உருவாயிற்று. மூளை அப்படிப்பட்ட மூளை. வீட்டுக்குள் நுழைந்தபோது கோமதித்தாய் கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ரீபண்டு வருதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"ஹுசைன் அண்ணாச்சிதான். மாசி மாசமே வந்தாவ. ஏரியல் கம்பு மண்டி ஓட்டுல நடணுமா, வீட்டு ஓட்டுல நடணுமான்னு கேட்டாவ. நீங்க எங்கன நடச் சொன்னீயன்னு எனக்குத் தெரியாதுல்லா. அதனால உக்கார வச்சி, காப்பி குடுத்து, எல்லாத்தையும் வெவரமாக் கேட்டுக்கிட்டேன்."

"அப்போ வோட்டர் லிஸ்டுன்னு நான் சொன்னப்ப?"

"சிரிப்பு வந்துச்சி. அடக்கிக்கிட்டேன்."

சங்கரசுப்பு தூணைப் பிடித்துக்கொண்டார். குறைந்தபட்சம் கணக்கிலாவது அவளை மடக்கலாம் என்று பார்த்தார். "நானூத்திப் பன்னெண்டு அசலுக்குத்தான் காணும். வட்டி? வட்டிக்கு இருவது ரூவாய்க்கு மேல நிக்குமே. அதுக்கு எங்கன போவ?"

"ஹுசைன் அண்ணாச்சிட்ட நீங்க குடுத்திருந்த அச்சாரம் இருவத்தஞ்சைக் கேட்டு வாங்கிக் கட்டிட்டேன். ஒண்ணே கால் ரூவா மிச்சம் இருந்துச்சி. கோயிலுக்கு மாவிளக்குப் போட்டாச்சி."

தொண்டையைச் செருமினார். குடும்பத் தலைவருக்கு உரிய குரலைத் தேடி எடுத்தார். "சரி. நடந்தது நடந்து போச்சி. சங்கிலியை பாங்குலேர்ந்து நானே போயி வாங்கிட்டு வாரேன். சீட்டை எடு."

கோமதித்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, புடைத்த தூசியைத் தட்டுவதுபோல முந்தானையை ஒதுக்கிவிட்டாள்.

"ஆனி இருவதாம் தேதியே வாங்கியாச்சி. ஒரு மாசமா இதப் போட்டுக்கிட்டுத்தான் உங்களுக்கு மூணு வேளையும் சோறு போடுதேன். தபசுக்கும் இதப் போட்டுக்கிட்டுத்தான் உங்க பக்கத்துல நடந்து வந்தேன். நீங்க எங்க எங் கழுத்தப் பாத்தீய?"